வனத்து அந்தோனியார் பொங்கல்

தை பிறந்து இரண்டு மூன்று நாட்கள் கழிந்தபின், ஜனவரி 17ஆம் தேதியன்று, கத்தோலிக்கத் திருச்சபையார் அர்ச்சியசிஷ்ட வனத்து அந்தோனியாருடைய திருநாளைக் கொண்டாடுகின்றனர். தமிழ்நாட்டிலே உழவுத் தொழிலைச் சார்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தார் பலர், அந்நாளில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவி வர்ணம் பூசிக் கோயில் வாசலுக்கு ஓட்டிச் சென்று, சுவாமியாரால் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் செய்து, புதுப்பானையிலே பொங்கலிட்டு உண்பது வழக்கம். திண்டுக்கல்லை அடுத்த உலகம்பட்டி போன்ற ஊர்களில் பெரிய அந்தோனியார் திருநாளையொட்டி ஜல்லிக்கட்டும் நடைபெறுவதுண்டு.

இவ்வழக்கத்தைப் பற்றி நம் மாதப் பத்திரிகையில் ஏன் எழுதவேண்டும் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கொங்கு நாட்டிலே ஒரே ஊரில், ஒரே வீதியில், சிற்சில இடங்களில் ஒரே பங்காளி வகையறாவிற்குள்ளேயுங்கூட, குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைப்போரும் வேதத்தில் சேர்ந்தோரும் கலந்து வாழ்கின்றனர். அவர்களுக்குள் நல்லது கெட்டதுகளில் போக்குவரவு உண்டு. சீரும் மொய்யும் உண்டு. ஆதலின் வேதக்காரர் வீட்டு நோம்பியின் வரலாறு நமக்கு அயலான காரியமன்று.

மேலும், இத்திருநாளைக் குறித்து இருவேறு குறைகள் கூறப்படுவதை யாவரும் கேட்டிருப்பர். ஒரு சாரார், "வேதக்காரர் நம்முடைய மாட்டுப் பொங்கலை எடுத்துக்கொண்டு தம் அர்ச்சியசிஷ்டவர் பெயரை அதற்கு இட்டுவிட்டனர்" என்பர். மற்றொரு சாரார், கிறிஸ்தவர்களுக்குள்ளேயே, "பொங்கல் பொங்குவது விட்டு வந்த மார்க்கத்தின் எச்சம், வேதத்தில் உறுதியுள்ளவன் அதனைச் செய்யலாகாது" என்பர். இவ்விரு கூற்றும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சரித்திரங்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அந்தோனியார் யாவர்?

தமிழ்நாட்டில் அந்தோனியார் என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவர், கையில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் பதுவை அந்தோனியாரே. அவர் 1195ஆம் ஆண்டளவில் லிஸ்பன் நகரிற் பிறந்து, பிரான்சீஸ்கு சபையிற் சேர்ந்து, 1231இல் இத்தாலிய நாட்டிலுள்ள பதுவை நகரருகில் மரித்தவர். அவர் திருநாள் ஜூன் 13. கோயமுத்தூர்ப் புலியகுளத்துத் திருத்தலம் அவர் பெயரால் விளங்குவதே. வனத்து அந்தோனியாரோ அவருக்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர். பிற்பட்டவருக்கு அந்தோனி என்னும் சபைப் பெயர் வந்ததும் முற்பட்டவரை முன்னிட்டேயாம்.

வனத்து அந்தோனியார் எகிப்து தேசத்திலே 251ஆம் ஆண்டளவிற் பிறந்தார். அவருடைய சரித்திரத்தை எழுதியவர், அவரை நேரிற் கண்டு பழகிய அலெக்சாந்திரியா மேற்றிராணியார் அத்தனாசியார். அந்நூலின்படி அந்தோனியார் நிலபுலமுடைய குடியானவர் வீட்டுப் பிள்ளை. பெற்றோர் இறந்தபின் தங்கையோடு தனித்திருந்த அவ்வாலிபர், ஒருநாள் கோயிலிலே, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்னும் கருத்துடைய சுவிசேஷ வாக்கியம் வாசிக்கப்படக் கேட்டார். கேட்டவர் வீடு திரும்பித் தமக்கு முன்னோர் வழி வந்த நிலம் 300 அரூராவையும் தம் ஊராருக்கே கொடுத்துவிட்டார். அரூரா என்பது எகிப்திய நில அளவை. 300 அரூரா நம் கணக்கில் ஏறக்குறைய 200 ஏக்கர் ஆகும். அதுவும் நைல் நதி பாயும் நன்செய் நிலம். பின்பு தட்டுமுட்டுகளையும் விற்று ஏழைகளுக்களித்துத் தங்கைக்குத் தக்க ஏற்பாடு செய்தபின் வனம் புகுந்தார். 356ஆம் ஆண்டில், தமது 105ஆம் வயதில், தவக்கோலத்திலேயே உயிர் நீத்தார்.

வனத்திலும் அவர் உழவைக் கைவிட்டாரில்லை. தம்மைக் காணவருவோர் தமக்காக ரொட்டி சுமந்து வருதல் வருத்தமென்று கருதி, மண்வெட்டியும் விதையும் தருவித்து, மலையடிவாரத்துச் சிறு நிலத்தைக் கொத்திக் கோதுமையும் கீரையும் பயிரிட்டார். தண்ணீருக்கு வந்த காட்டு விலங்குகள் பயிரை மேய்ந்துவிட, அவற்றுள் ஒன்றை மெல்லப் பிடித்து, நான் உங்களுக்குத் தீங்கு செய்யாதிருக்க நீங்கள் எனக்குத் தீங்கு செய்வதேன் என்னும் பொருள்படக் கூறி அனுப்பினாராம். அதன்பின் அவை அந்நிலத்தை அணுகவில்லை என்று அத்தனாசியார் எழுதுகிறார். விலங்குகளோடு அவர் பெயர் இணைவதற்கு முதற் சான்று இதுவே.

இரண்டாவது தொடர்பு ஐரோப்பாவில் உண்டாயிற்று. 11ஆம் நூற்றாண்டில் அவருடைய திருப்பண்டம் எனப்பட்டவை பிரெஞ்சு தேசத்துத் தோஃபினே மாகாணத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அக்காலத்தில் அங்கே ஒரு கொடிய நோய் பரவியிருந்தது. கை கால்கள் தீப்பட்டாற்போல் எரிந்து, கறுத்து, அற்று விழும். அதனை அந்தோனியார் அக்கினி என்று ஜனங்கள் அழைத்தனர். ரை என்னும் தானியக் கதிரில் பற்றும் ஒருவகைக் காளானே அந்நோய்க்குக் காரணமென்று பிற்காலத்தார் கண்டனர். நம் காடுகளில் மழைக்காலத்துக் கம்பங்கதிரிலே தேன் ஒழுகும் நோய் கண்டால், அக்கதிரை நீக்கிவிடவேண்டுமென்று உழவர் அறிவரன்றோ? அதுவும் அவ்வகையைச் சார்ந்த காளானின் செயலே. இந்நோயாளரைப் பராமரிப்பதற்காக 1095ஆம் ஆண்டளவில் அந்தோனியார் பெயரால் ஒரு சபை தோன்றி, ஐரோப்பா எங்கும் மருத்துவ சாலைகளை நிறுவிற்று. அச்சபையார் வளர்த்த பன்றிகள், கழுத்தில் மணி கட்டப்பட்டு, நகர வீதிகளில் தடையின்றித் திரிந்து மேயும் உரிமை பெற்றிருந்தன. அந்தோனியார் சுரூபத்தில் கைத்தடியும் மணியும் காலடியில் ஒரு பன்றியும் காணப்படுவதன் காரணம் இதுவே. இதிலிருந்தே அவர் சகல வீட்டு மிருகங்களுக்கும் பாதுகாவலர் எனப்பட்டார். உரோமாபுரியிலும் ஸ்பெயின் தேசத்து ஊர்கள் பலவற்றிலும் ஜனவரி 17 அன்று குதிரை, கழுதை, மாடு, ஆடுகளை மந்திரிக்கும் வழக்கம் இன்றளவும் உண்டு. திருச்சபையின் பழைய இலத்தீன் சடங்கு நூலிலேயே கால்நடைகளை மந்திரிக்கும் செபம் அவர் பெயரைச் சொல்லி அமைந்திருக்கின்றது.

ஆகவே, அந்தோனியார் திருநாளில் மாடு மந்திரிப்பது மாட்டுப் பொங்கலைக் கண்டு கற்பித்துக் கொண்டதன்று என்பது வெளிப்படை. ஆயினும் பானையும் பாலும் கரும்பும் எகிப்திலிருந்து வந்தவையல்ல. அவை இம்மண்ணுக்குரியவை. இரண்டும் எங்ஙனம் ஒன்றாயின என்பதே இனிக் காணவேண்டுவது.

கொங்கு நாட்டில் வேதம் பரவிய வகை

தத்துவ போதகர் எனத் தமிழில் அழைக்கப்பெற்ற இராபர்த்து தே நொபிலி (1577-1656) 1606இல் மதுரை வந்தவர். சந்தனம், குடுமி, பூணூல், நீராடல் ஆகியவை குலவழக்கமேயன்றி அஞ்ஞான ஆராதனையல்ல என்று அவர் வாதித்தமையும், 15ஆம் கிரகோரி பாப்பரசர் 1623 ஜனவரி 31இல் வெளியிட்ட நிருபத்தால் அவற்றுக்கு அனுமதி கிடைத்தமையும் பலரும் அறிந்தவை. அதே 1623ஆம் ஆண்டில் அவர் மதுரையை விட்டு வடதிசை நோக்கிப் புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், சேலம் ஆகிய இடங்களுக்குச் சென்றார். சேலத்து ஆளுங் குடும்பத்தைச் சேர்ந்த திருமங்கல நாயக்கர் 1625இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். கொங்கு மண்டலத்தில் கத்தோலிக்க வேதம் காலூன்றியது இக்காலத்தேயாம்.

பொங்கலைப் பற்றியும் தே நொபிலி ஒரு முடிவு செய்திருந்தார். பொங்கல் நாளில் ஒரு சிலுவையை நாட்டி அதன் அடியிலே பாலைப் பொங்கவிட்டு அரிசியிடுமாறு தம் மாணாக்கருக்கு அவர் இசைவளித்தார் என்று அவர் சரித்திரத்தை எழுதினோர் கூறுகின்றனர். சூரியனை நோக்கிய வணக்கம் நீங்கிற்று. விளைவு தந்தவனுக்குப் புதுவிளைவைக் கொண்டு நன்றி செலுத்தும் செய்கை நின்றது. அவர் மயிலாப்பூரிலே உயிர் நீத்த நாள் 1656 ஜனவரி 16 என்பர். அஃதாவது வனத்து அந்தோனியார் திருநாளுக்கு முந்திய நாள்.

தே நொபிலி முறையைப் பின்பற்றிய குருக்கள் உயர்குலத்தாரோடு மட்டுமே பழகக்கூடிய நிலை இருந்தது. அதனை நீக்க எண்ணிய பல்தசார் தா கோஸ்தா என்பவர் 1640ஆம் ஆண்டளவில் பண்டாரக் கோலம் பூண்டார். பண்டாரம் எல்லாக் குலத்தாரோடும் பழகத் தடையில்லாதவன் என்பதை நம் நாட்டார் அறிவர். கருமத்தம்பட்டி ஜெபமாலைமாதா கோயிலின் தொடக்கத்தையும் தலவரலாறு 1640 என்றே கூறுகின்றது. பின்னர்ச் சத்தியமங்கலமும் தாராபுரமும் குருக்கள் வந்து தங்கிய இடங்களாயின.

அந்நாளில் ஒரு குரு எத்தனையோ ஊர்களைப் பார்க்கவேண்டியிருந்தது. யுத்தங்களும் பஞ்சங்களும் இடையிட்டன. 1773இல் சேசு சபையே கலைக்கப்பட்டமையால் மதுரை மிஷன் ஆதரவின்றி நின்று, பின்னர்ப் பாரிஸ் அன்னிய தேச வேதபோதக சபையாரின் பொறுப்பில் வந்தது. குருக்கள் அரிதாகிய அத்தகைய காலங்களிலே வேதத்தைக் காத்தவை உபதேசியார் சொல்லிவைத்த மந்திரங்களும், வீட்டுச் சுவரில் எழுதிய சிலுவையும், திருநாள்தோறும் தாய்மார் செய்துவந்த சிறு சடங்குகளுமேயாம். பூசை காணாத வருஷத்திலும் பானை வைக்கலாம். கோயில் எட்டாத ஊரிலும் விளக்கேற்றி மன்றாடலாம். வீட்டில் திருநாளைக் கொண்டாடும் வழக்கம் வலுப்பெற்றதற்கு இதுவே முக்கிய காரணமெனக் கொள்ளலாம்.

இரு பஞ்சாங்கங்கள்

பொங்கலுக்கும் அந்தோனியார் திருநாளுக்கும் இன்று இரண்டு மூன்று நாளே இடைவெளி. முற்காலத்தில் அவ்வாறன்று. நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் சூரிய வருஷம் 365 நாளும் 6 மணியும் ஏறத்தாழ 12 நிமிஷமும் கொண்டது. 1582இல் திருத்தப்பெற்ற ஐரோப்பியப் பஞ்சாங்கத்தின் சராசரி வருஷமோ 365 நாளும் 5 மணியும் 49 நிமிஷமும் உடையது. வருஷத்திற்கு 23 நிமிஷ வித்தியாசம். 60 வருஷத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அது ஒரு முழு நாளாகிறது. இத்தகைய கணிதங்களுக்குக் கருவியாக இந்திய எஃபிமெரிஸ் என்னும் பெருநூலை 1922இல் வெளியிட்ட திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865-1925) தாமும் ஒரு தமிழ்க் கத்தோலிக்கரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இக்கணக்கின்படி, தே நொபிலி சேலம் வந்த காலத்தில் தைப் பிறப்பு ஜனவரி 8ஆம் தேதியையொட்டி நிகழ்ந்தது. அந்தோனியார் திருநாளுக்கு அதன்பின் ஏறக்குறைய ஒன்பது நாட்கள் இருந்தன. 1850ஆம் ஆண்டளவில் தைப் பிறப்பு ஜனவரி 12க்கு வந்தது. இடைவெளி ஐந்து நாளாயிற்று. இன்று ஜனவரி 14 அல்லது 15. இம்முறை மாறாதிருப்பின், இன்னும் ஏறத்தாழ 150 ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் வந்து கூடும்.

இதனால் விளங்குவது யாது? ஒரு திருநாளின்மேல் மற்றொன்றை எவரும் ஒரே நாளில் கொண்டுவந்து வைத்தாரல்லர். சூரியன் கதியால் ஒன்றும், திருச்சபை வழக்கால் மற்றொன்றும் தத்தம் நாளில் நின்றன. காலகதியில் அவை நெருங்கி வந்தன. அறுவடை முடிந்து களம் நிறைந்த அதே பருவத்தில், ஒரே தொழில் செய்யும் ஒரே ஊரார், ஒரே வகைக் கால்நடைக்காக இருவேறு பெயரால் நன்றி கூறினர். இதில் திருட்டு எங்கே?

விலக்கும் வழக்கும்

இனி, கிறிஸ்தவர்களுக்குள்ளேயே எழுந்த தடையைக் காண்போம். பாப்பரசரின் தூதராக வந்த துர்னோன் என்பவர் புதுச்சேரியிலே 1704 ஜூன் 23ஆம் தேதியிட்டு ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, கலியாணத்தில் தேங்காய் உடைத்தல், பெண் பெரியவளானதைக் கொண்டாடுதல், சடங்காக நீராடுதல், சாண விபூதி, கிறிஸ்தவ வாத்தியக்காரர் கோயில்களில் வாசித்தல் முதலிய பலவற்றை அவ்வாணை விலக்கிற்று. இவற்றைப் பற்றி நெடுங்காலம் விவாதம் நடந்து, முடிவில் 14ஆம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் 1744 செப்டம்பர் 12இல் வெளியிட்ட கட்டளையால் விலக்குகள் உறுதி செய்யப்பட்டன. இந்நாட்டிற்கு வரும் குருக்கள் ஒவ்வொருவரும் அவற்றைக் காப்பதாகச் சத்தியம் செய்யவேண்டுமென்று விதிக்கப்பட்டது. அச்சத்தியம் 1940 ஏப்ரலில்தான் நீக்கப்பட்டது.

கலியாணப் பந்தலையும் நீராடும் துறையையும் நெற்றியையும் பற்றி இவ்வளவு நுட்பமாக விதி வகுக்கப்பட்ட காலத்தில், வீட்டார் தம் வழக்கம் ஒவ்வொன்றையும், இது ஆராதனையோ, வெறும் குடிவழக்கமோ என்று எண்ணிப் பார்க்கவேண்டியவராயினர். அவ்வாறு எண்ணிப் பார்த்ததன் அடையாளம் பொங்கற் பானையிலேயே காணக் கிடக்கின்றது.

கொங்கு நாட்டுப் பட்டிப் பொங்கலின் முறை நம்மவர் அறிந்ததே. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூக் கொண்டு காப்புக்கட்டுவர். பட்டியிலே சாணத்தால் தெப்பக்குளம் கட்டி நீர் நிரப்பி, பொங்கலிட்டுப் படைத்து, மாடுகளை அதன் வழி ஓட்டுவர். மறுநாள் பெண்டிர் பூப்பறிக்கச் செல்வர். கிறிஸ்தவ இல்லத்தாரோ பானையின் கழுத்தில் மஞ்சட்கொத்தைக் கட்டுவர். நெற்றிப்பட்டை இடும் இடத்தில் சிலுவை வரைவர். வாசலில் கோலமிடுவர், கோலத்தின் நடுவில் சிலுவை இருக்கும். மாட்டுக்கு மாலையிடுவர், படையலுக்குப் பதிலாகத் தீர்த்தமும் மந்திரித்த உப்பும் கொடுப்பர். பால் பொங்கும்போது அந்தோனியாரை வேண்டிக்கொள்வர். பின்பு ஜெபமாலை சொல்லி, அயலாருக்குப் பங்கிட்டு உண்பர். அரிசிச் சோறு நோம்பிநாளில் மட்டுமே காணக்கூடியதாயிருந்த, கம்பும் சோளமும் ராகியுமே அன்றாட உணவாயிருந்த புன்செய்ச் சீமையிலே, அன்றைய பொங்கலும் சந்தகையும் கச்சாயமும் ஒப்புட்டும் குழந்தைகளுக்கு எத்துணைப் பெரிய காரியம் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. பலகாரத்தில் இரு வீட்டாருக்கும் வேறுபாடில்லை. அடுக்களைக்கு மதபேதம் தெரியாது.

இத்தகைய வழக்கங்களில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் ஐயம் பெரியோரையும் வருத்தியது. கோயமுத்தூரின் முதல் மேற்றிராணியாராகிய மரியோன் தே பிரெசில்லாக் என்பவரின் சரித்திரம் இதற்குச் சான்று. 1813இல் பிரெஞ்சு தேசத்திற் பிறந்து 1842இல் இந்தியா வந்த இவர், 1846 அக்டோபர் 4இல் கருமத்தம்பட்டியிலே மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். இந்நாட்டு மக்களையே குருக்களாக்கி அவர்கள் கையில் திருச்சபையை ஒப்படைக்கவேண்டும் என்பது அவர் தணியாத ஆவல். கோயமுத்தூர் மிக்கேல் சம்மனசு பெரிய கோயில் அவர் காலத்தில் தொடங்கப்பட்டு 1867இல் முற்றுப்பெற்றது. ஆயினும் ஜாதி ஆசாரங்களைப் பற்றிய விதிகளில் குருக்கள் ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் நடத்தலைக் கண்டு அவர் மனம் அமைதி பெறவில்லை. உரோமாபுரிக்கு எழுதித் தெளிவான முடிவு கேட்டார்; மனம் நிறையும் மறுமொழி கிடைத்திலது. மனச்சாட்சிக்கு மாறாக ஆளமாட்டாதவராய், 1855இல் தம் பதவியை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டிலே லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவி, 1859இல் சியரா லியோன் தேசத்துப் பிரீடவுன் சேர்ந்து, சில வாரங்களுக்குள்ளே ஜூன் 25ஆம் தேதி காய்ச்சலால் மரித்தார். 2020இல் பாப்பரசர் பிரான்சீஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

பின்னர் 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம், ஒவ்வொரு ஜாதியாரின் நல்வழக்கங்களையும் மூடநம்பிக்கையோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்திராத அளவிற்குத் திருச்சபை ஏற்கும் என்று கூறிற்று. அதன்பின் கோயில் வளாகங்களிலேயே வரிசையாய்ப் பானை வைத்துப் பொங்கலிடுவது பொதுவழக்கமாயிற்று. சிலுவையடியில் பொங்கப்பெற்ற பானை மூன்று நூற்றாண்டு கழித்துக் கோயில் முற்றத்திற்கு வந்து சேர்ந்தது எனலாம்.

எவருக்கு முதற் கவளம்?

இதுகாறும் கூறியவற்றால், முதலிற் கண்ட இரு குறைகளும் நில்லாவென்பது தெளிவாம். ஆயினும் வேறொரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. அதனை எழுப்பாது இக்கட்டுரையை முடித்தல் நேர்மையன்று.

துர்னோன் ஆணையிலே தாலியையும் தேங்காயையும் பற்றிய விதிகளை நம் முன்னோர் நெடுநாள் வாதித்தனர். அதே ஆணையில் மற்றொரு விதியும் இருந்தது. தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர் நோயுற்றுக் கிடக்கையில், குரு அவர்கள் குடிசைக்குள்ளேயே சென்று தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கவேண்டும் என்பது அது. இவ்விதிக்கும் எதிர்ப்பு மிகுந்தது. 1744ஆம் ஆண்டுக் கட்டளையில் அவர்களுக்கென்று தனிக் குருமாரை ஏற்படுத்திச் சமாதானம் செய்யவேண்டியதாயிற்று. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்திலே 1872இல் கட்டப்பட்ட கோயிலில் குலத்தாரைப் பிரிக்கச் சுவர் இருந்ததும், அது 1910இல் இடிக்கப்பட்டதும் யாவரும் அறிந்த சரித்திரம். நெற்றிப் பொட்டைக் களைவது எளிதாயிருந்தது. பந்தி வேற்றுமையைக் களைவது எளிதாயில்லை. இக்குற்றம் வேதக்காரருக்கு மட்டும் உரியதன்று. நம் எல்லோருக்கும் பொதுவானதே.

கால்நடையின் திருநாள் என்று நாம் சொல்லும் இந்நாளை எண்ணிப் பாருங்கள். காங்கயம் காளையின் அழகை நாம் புகழ்கிறோம். கண்ணபுரம் சந்தையில் அதன் விலையைக் கூறிப் பெருமைப்படுகிறோம். அம்மாட்டை விடியுமுன் கட்டுத்தரையிலிருந்து அவிழ்த்தவர் யார்? கவலையிலே முன்னும் பின்னும் நடந்து நீரிறைத்தவர் யார்? சாணம் வாரியவர், கன்று ஈனும் இரவில் விழித்திருந்தவர் யார்? பெரும்பாலான பண்ணையங்களில் அவர் பண்ணையாளே. மாட்டுக்குப் பொங்கல் ஊட்டியபின், மாட்டை மேய்த்தவருக்கு வாசலுக்கு வெளியே, மிச்சம் இலையில் இட்ட வழக்கம் பல ஊர்களில் இருந்ததை மறுக்கவொண்ணாது.

வனத்து அந்தோனியார் யாருடைய பிள்ளை என்பதை மறுபடியும் நினைவுகூர்வோம். அவர் நிலக்கிழார் வீட்டு மகன். 300 அரூரா நன்செய்யைத் தம் ஊராருக்குப் பகிர்ந்துவிட்டுப் போனவர். அவர் பெயரால் பொங்கும் பானையிலிருந்து, அந்த மாட்டைக் காத்தவருக்கு முதற் கவளம் போகாவிடில், அந்தத் திருநாள் எவருடைய திருநாள்? வேதக்காரர் இதனை அந்தோனியார் பெயரால் கேட்டுக்கொள்ளட்டும். மற்றையோர் பட்டியிலே பொங்கும் பானையின் பெயரால் கேட்டுக்கொள்ளலாம். கேள்வி ஒன்றே.

இக்காலத்து நிலை

1932இல் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு வந்ததுமுதல் ஆலைகள் பெருகின. கிணறுகளில் கவலைக்குப் பதிலாக மோட்டார் ஓடலாயிற்று. பின்பு டிராக்டர் வந்தது. இரண்டு ஜோடி எருதில்லாமல் தோட்டம் இல்லை என்றிருந்த நாடு, எருதே இல்லாத தோட்டங்களைக் கண்டுவிட்டது. கறவைக்கும் பெரும்பாலும் கலப்பினப் பசுக்களே உள்ளன. திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் வேலைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், கட்டுத்தரை என்பதைக் காணாத பிள்ளைகள் பலர். கருமத்தம்பட்டிக் கோயில் 2019இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது; அக்டோபர் மாதத் தேர்த் திருவிழாவிற்குக் கூட்டம் குறைவதில்லை. பெரிய கோயில் திருவிழா தன்னைத்தானே காத்துக்கொள்ளும். வீட்டுத் திருநாளுக்கு அத்தகைய காவல் இல்லை. அதனைச் செய்துவந்த பாட்டியார் மறைந்தால் அதுவும் மறையும்.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எம்மதத்தினராயினும், தத்தம் வீட்டில் பொங்கல் நாளிலும், அந்தோனியார், செபஸ்தியார், சூசையப்பர் முதலியோர் திருநாட்களிலும் செய்துவந்த முறைகளை, மூத்தோரிடம் கேட்டு எழுதி வைப்பீர்களாக. பானையை ஏற்றியவர் யார், பால் எவ்வீட்டு மாட்டுப் பால், எந்த மந்திரம் சொல்லப்பட்டது, எப்பலகாரம் செய்யப்பட்டது என்பவற்றைக் குறியுங்கள். அவற்றோடு, பந்தியில் முதலில் உண்டவர் யார், கடைசியில் உண்டவர் யார், வாசலுக்கு வெளியே நின்றவர் யார் என்பதையும் மறையாது குறியுங்கள். முன்னோரின் நற்செயலை மட்டும் எழுதி மற்றதை விடுவது சரித்திரமாகாது. வருகிற தை மாதத்தில் எவ்வீட்டில் எப்பெயரால் பானை பொங்கினும், கட்டுத்தரையில் உழைத்தவரையும் உள்ளே அழைத்துப் பக்கத்தில் அமர்த்தி உண்பிக்குமாறு நம்மவர் யாவரையும் வணக்கத்துடன் கேட்டுக்கொள்கின்றோம்.